நாற்பத்தொரு தேடல்கள்

நெல்லிவத்தைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் யாருக்காவது ஏதாவது அவசரமாக வேண்டுமென்றால் பெரட்டுக் களத்துச் சுவருக்குப் போவார்கள். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற கொட்டகை அது. அதன் சுவரில் அடுப்புக்கரியால் தொலைபேசி எண்கள் எழுதியிருக்கும். மீன் லொறி காமிலின் எண் ஒரு மூலையில், பசறையிலிருந்து வருகிற வான்காரரின் எண்ணும் ஆட்டோக்காரரின் எண்ணும் இன்னொரு மூலையில், பாம்புக்கடிக்குப் பச்சிலை கட்டுகிறவரின் எண் நடுவில், கொஞ்சம் பெரிய எழுத்தில். யாராவது எண்ணை மாற்றிவிட்டால் பழையதை எச்சில் தொட்டு அழித்துப் புதியதை எழுதுவார்கள். ஆள் செத்துப்போனால் மட்டும் அழிப்பதில்லை, எண்ணைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுவார்கள்.

இது குற்றம் என்பது 2008ஆம் ஆண்டு வரை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம்தான் பதுளையில் சபையைத் திறந்தார்கள். அதன் முழுப்பெயர் ஊவா கையடக்கத் தொலைபேசித் தேடல் மற்றும் விளம்பர மேம்பாட்டு ஒருங்கிணைப்புச் சபை. பெயர்ப்பலகை கட்டடத்தின் முன்சுவரில் தொடங்கிப் பக்கச்சுவரில் முடிந்தது. கடைசிச் சொல்லான 'சபை'யைப் பார்க்க வேண்டுமானால் சாக்கடையைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். மலைநாட்டுச் சனங்களின் கையில் போன் வந்துவிட்டது, ஆனால் அவர்களுக்குத் தேடத் தெரியவில்லை என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். இனிமேல் வேண்டிய பொருளையும் ஊரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்து நாலு இலக்க எண்ணுக்கு அனுப்பினால், அது அருகில் எங்கே கிடைக்கும் என்று பதில் வரும். பதில் வருவதற்கு முன் மூன்று விளம்பரங்கள் வரும். இதைச் சபையின் கையேட்டில் 'பாவனையாளருக்குக் கிடைக்கும் மேலதிக நன்மை' என்று அச்சடித்திருந்தார்கள்.

மேற்பிரிவுக்கு இந்த நன்மையைக் கொண்டுவந்தவர் சபையின் உதவிப் பணிப்பாளர் தர்மராசா. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் இருபது வருடம் உத்தியோகம் பார்த்தும் மழையில் நனையாத மனிதர், ஏனென்றால் கந்தோர் மேசையை விட்டு எழுந்து வெளியே வந்ததில்லை. அன்று வந்தார். இரண்டு ஆட்கள் பெரட்டுக் களத்துச் சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் காதில் போனை வைத்துச் சிரிக்கிற ஒரு பெண்ணை வரைந்தார்கள். பெண்ணுக்குக் கீழே 'அலையாதீர்கள், அனுப்புங்கள்' என்று எழுதினார்கள்.

கொழுந்துக் கூடையோடு நின்ற பெரியாயி மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அதுல பாம்புக்கடி வைத்தியரு நம்பரு இருந்துச்சுங்களே."

"அவர் சபையில பதிவு செய்தவரோ?"

"இல்லீங்க."

"அப்ப அது தகவல் இல்லை அம்மா, கிறுக்கல்" என்றார் தர்மராசா.

பெரியாயியின் மருமகன்தான் வீரய்யா. மேற்பிரிவில் ஆட்டோ வைத்திருக்கும் ஒரே ஆள். அவன் ஆட்டோ வாங்கியது சொகுசுக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் பெண்சாதி நிசாந்தினிக்கு வலி எடுத்தபோது, தோட்டத்து லொறியைக் கேட்டுக் கந்தோர் வாசலில் மூன்று மணி நேரம் காத்து நின்றான். லொறி வந்தது. பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் மலையில் வேலை செய்யவில்லை. ஆட்டோவை வாங்கி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் வாசலில் நிறுத்தினான். யாருக்கு எந்த நேரத்தில் என்ன வந்தாலும் எழுப்புங்கள் என்று ஒற்றை அறை வீடான ஒவ்வொரு காம்பராவாகப் போய்ச் சொன்னான். இப்போது நிசாந்தினிக்கு மறுபடியும் ஆறு மாதம். இந்த முறை வண்டிக்காக யார் வாசலிலும் நிற்கப் போவதில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் அவன் இரவில் தூங்கினான்.

அந்தத் தைரியத்தின் மேல்தான் சபையின் சுற்றறிக்கை வந்து விழுந்தது. பதிவில்லாத ஆட்டோக்கள் சேவை வரைபடத்தைக் குழப்புகின்றனவாம். எனவே அவற்றைத் தோட்டத்துக் கேற்றுக்குள் விடக்கூடாதாம். வீரய்யா மறுநாளே பதுளைக்கு ஓடினான்.

பதிவுப் படிவத்தை நிரப்பியவள் மர்லியா என்ற எழுதுவினைஞர். நல்ல பிள்ளை. பக்கத்தில் தர்மராசா உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

"வீதி இலக்கம் என்ன அண்ணன்?"

"அஞ்சாம் நம்பரு லயங்க. மூணாவது காம்பரா."

"வீதியின்ர பெயர்?" என்று தர்மராசா குறுக்கே கேட்டார்.

"வீதி இல்லீங்க ஐயா. படிக்கட்டு."

கணினி படிக்கட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. காம்பராவையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மர்லியா மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். தர்மராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமக்குக் கடிதம் எங்க வாறது?"

"தோட்டத்து ஆபிசுக்குங்க. மேனேஜரு, பெரிய துரை மேற்பார்த்துன்னு போட்டு வரும். எங்க எல்லாருக்குமே அப்படித்தாங்க."

"பிறகென்ன, உம்மட முகவரி பெரிய துரைதான்."

இப்படியாக, நூற்றைம்பது வருடமாகத் தோட்டத்தில் இருந்தும் ஒரு வீட்டு இலக்கம் கிடைக்காத குடும்பத்தில் பிறந்த வீரய்யாவுக்கு, ஒரே கையெழுத்தில் பதினொரு அறையும் பூந்தோட்டமும் உள்ள துரை பங்களா முகவரியாகக் கிடைத்தது. சபையின் வரைபடத்தில் பங்களாவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளிதான் வீரய்யா.

புள்ளி சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் சபையின் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, 'பதிவுசெய்யப்பட்ட புள்ளியில் வாகனம் காணப்படவில்லை, பதினான்கு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்' என்று கடிதம் போட்டார். கடிதம் முகவரிப்படி பெரிய துரைக்கே போனது. துரை வீரய்யாவைக் கூப்பிட்டு, தன் வீட்டில் அவன் எப்போது குடியேறினான் என்று விசாரித்தார். வீரய்யாவுக்குப் பதில் தெரியவில்லை. துரையின் நாய்க்கும் தெரியவில்லை, அது குரைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை வீரய்யா ஆட்டோவைப் பங்களாக் கேற்றுக்கு வெளியே, புள்ளிக்கு இருபது அடி தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.

அதுவரை லயத்து வாசலில் நின்ற ஆட்டோவைப் பிடிக்க, இப்போது லயத்து ஆட்கள் ஒரு மைல் மேலே ஏறிப் போக வேண்டியிருந்தது. காய்ச்சல்காரர் ஒருவர் ஏறி வந்து சேர்ந்தபோது வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. சபையின் காலாண்டு அறிக்கையில் மேற்பிரிவு 'முழுமையாக ஒழுங்குபடுத்தப்பட்டது' என்று எழுதினார்கள்.

ஆவணி மாதத்தில் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. தலைப்பு: 'வாடிக்கையாளர் உங்களை எந்நேரமும் கண்டுபிடிப்பது எப்படி?' வராதவர்களின் பதிவு ரத்து. வீரய்யா நேரில் போய்த் தர்மராசாவின் மேசைக்கு முன்னால் நின்றான்.

"ஐயா, வீட்டுல மாசமா இருக்காங்க. நான் பக்கத்துல இருக்கணுங்க."

"கிளினிக் அட்டை கொண்டு வந்தீரோ?"

கொண்டு வந்திருந்தான். தர்மராசா அதை இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னும் மூண்டு கிழமை, இருபத்தொரு நாள் இருக்கெண்டு தெளிவா எழுதியிருக்குது. அட்டையை மீறி ஏன் ஐசே பயப்படுறீர்?"

வீட்டில் நிசாந்தினியும் போகத்தான் சொன்னாள். "பதிவு போச்சுன்னா ஆட்டோவ உள்ள விட மாட்டாங்க. அப்புறம் என்னத்துல போறது? போயிட்டு வாங்க, நான் என்ன ஓடியா போயிடப் போறேன்."

கருத்தரங்கு மண்டப வாசலில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் மர்லியா நின்றாள். எல்லோரும் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டு எண் போட்ட ஒரு காகிதத் துண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றியுரை முடிந்ததும் துண்டைக் கொடுத்துப் போனை வாங்கலாம். அணைக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வீரய்யா கேட்டான்.

"கையடக்கத் தொலைபேசியைப் பற்றி ஒரு முக்கியமான கூட்டம் நடக்கேக்க, கையடக்கத் தொலைபேசி அடிச்சா எப்பிடி இருக்கும்?" என்றார் தர்மராசா. வீரய்யா போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டான். துண்டில் ஐம்பத்தாறு என்று இருந்தது.

முன்வரிசையில் விளம்பரதாரர்கள் இருந்தார்கள். முகப்பூச்சுக் கம்பனிக்காரர், கொழும்பு ஹோட்டல்காரர், பண்டாரவளைக் கல்யாண மண்டபக்காரர். பின்வரிசைகளில் ஆட்டோக்காரர்கள், தச்சர்கள், பந்தல்காரர்கள். மேடையில் பெரிய திரை. அதில் மாகாணம் முழுவதும் அந்த நிமிடம் வரை நடந்த தேடல்களின் எண்ணிக்கை நேரடியாகத் தெரியும் என்றார்கள். காலை ஒன்பதரைக்குப் பூச்சியம் தெரிந்தது. மங்கள விளக்கு ஏற்றியபோதும் பூச்சியம். பத்தே முக்காலுக்கு ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள், பூச்சியம் அசையவில்லை. கல்யாண மண்டபக்காரர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். தர்மராசா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதினொரு மணி பத்துக்கு ஒன்று விழுந்தது.

மண்டபம் கைதட்டியது. இரண்டு விழுந்தது. மூன்று, நாலு, ஐந்து. பத்து வந்ததும் தர்மராசா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாருங்கோ! சனம் விழிச்சிட்டுது!" இருபதுக்கு ஹோட்டல்காரர் எழுந்து நின்றார். வீரய்யாவும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான். எல்லோரும் சந்தோசமாக இருக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

"ஒரு தேடலுக்கு மூண்டு விளம்பரம்" என்று தர்மராசா கணக்குச் சொன்னார். "முப்பது தேடல் எண்டா தொண்ணூறு விளம்பரம். ஒரு ஏழைத் தொழிலாளி, தன்ர வாழ்க்கையில முகப்பூச்சையே நினைச்சிராத ஆள், இண்டைக்கு முப்பது தரம் முகப்பூச்சைப் பற்றி வாசிச்சிருக்கிறார். இதுதான் அபிவிருத்தி. அவை ஏன் தேடினம், தேடினது கிடைச்சுதோ எண்டதெல்லாம் எங்கட நோக்கெல்லைக்குள்ள வராது. கிடைச்சிட்டா தேடுறதை நிப்பாட்டிப் போடுவினம். தேடுகினம் எண்டதுதான் எங்களுக்கு வேணும்."

நாற்பத்தொன்றில் எண்ணிக்கை நின்றது. எந்த ஊர்ச் சனம் இவ்வளவு ஆர்வமாகத் தேடுகிறது என்று முகப்பூச்சுக்காரர் கேட்டார். தர்மராசா ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார். திரையில் விபரம் வந்தது. நாற்பத்தொரு தேடலும் ஒரே இடத்திலிருந்து. நெல்லிவத்தை மேற்பிரிவு. தேடிய பொருள் நாற்பத்தொரு முறையும் ஒன்றுதான். ஆட்டோ.

வீரய்யாவின் கை தட்டுகிற வாக்கில் அப்படியே நின்றுவிட்டது. மேற்பிரிவில் பதிவான ஆட்டோ ஒன்றுதான். சுவரில் இருந்த வான்காரர், மீன் லொறி, பசறை ஆட்டோக்காரர் யாரும் பதிவு செய்யவில்லை, அவர்கள் எண்ணெல்லாம் அந்தச் சிரிக்கிற பெண்ணுக்கு அடியில் கிடந்தன. நாற்பத்தொரு முறையும் முகப்பூச்சு, ஹோட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் வந்து முடிந்த பிறகு, கடைசியில் வீரய்யா என்ற பெயர்தான் பதிலாகப் போயிருக்கும். வீரய்யாவின் போன் தேயிலைப் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது.

எழுந்து நின்றான். "ஐயா, அந்த ஆட்டோ நான்தாங்க."

தர்மராசாவின் முகம் மலர்ந்தது. "பாருங்கோ! நாற்பத்தொரு தரம் தேடப்பட்டவர் எங்கட மண்டபத்துக்குள்ளயே இருக்கிறார்! மேடைக்கு வாரும் வீரய்யா!"

"இல்லீங்க ஐயா, வீட்டுல என் பொஞ்சாதிக்கு..."

"குடும்பக் கதையைப் பிறகு கதைக்கலாம். முதல்ல ஒரு படம்."

இரண்டு பேர் அவனைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். முகப்பூச்சுக்காரர் அவன் கையில் ஒரு பெட்டி முகப்பூச்சைத் திணித்தார். கமரா மின்னியது. அந்தப் படம் பிற்பாடு சபையின் ஆண்டு மலரில் 'தேடப்பட்டவரின் பூரிப்பு' என்ற தலைப்பில் வந்தது. அதில் வீரய்யா வாயைத் திறந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மேடையிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினான். தேயிலைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. நன்றியுரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மர்லியா ஒரு நிமிடம் மண்டபத்தைப் பார்த்தாள், ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பூட்டைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள்.

"ஓடுங்க அண்ணன். வரவுக் கையெழுத்த நான் போட்டுக்கொள்றன்."

போனை உயிர்ப்பித்தான். வீட்டு எண்ணை அழைத்தான். மணி போகவில்லை. பதினொரு மைல் மலைப்பாதை. ஆட்டோவை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கந்தோர் வாசலில் நின்ற அந்த மூன்று மணி நேரம்தான் கண்ணுக்கு முன் வந்து வந்து போனது. முகப்பூச்சுப் பெட்டி பின் ஆசனத்தில் உருண்டுகொண்டு வந்தது. ஆறாவது மைல் வளைவில் எதிரே ஒரு லொறி ஹோனை அமுக்கியபடியே இறங்கி வந்தது. காமிலின் மீன் லொறி. முன் ஆசனத்தில் நிசாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், பெரியாயி அவளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"தம்பி, வண்டியத் திருப்பிக்கொண்டு பின்னால வாங்க!" என்று காமில் கத்தினார். "எனக்கு நிப்பாட்ட ஏலாது!"

பதுளை ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பத்தே நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம், இரண்டு பேர் மேலும் சூடை மீன் வாடை மட்டும் கொஞ்சம் வீசுகிறது என்று தாதி சொன்னாள். வீரய்யா நடைபாதையில் உட்கார்ந்து வெட்கப்படாமல் அழுதான். காமில் அவனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

"காமில் நானா, எப்படி வந்தீங்க? நம்பருதான் இல்லையே" என்று வீரய்யா அவரைக் கேட்டான்.

பெரியாயிக்கு அதைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது. "நம்பரு எங்க இருந்துச்சு? ஒங்க போனு செத்துக் கெடக்கு. பக்கத்துக் காம்பரா துவாரகாதான் தட்டித் தட்டிப் பாத்தா. மூஞ்சிக்குப் பூசச் சொல்லுது, கொழும்புல சாப்பிடச் சொல்லுது, கல்யாணம் பண்ணச் சொல்லுது. பிள்ள பெறப் போறவளுக்குக் கல்யாண மண்டபம் எதுக்கு? கடைசியில வீரய்யான்னு வருது. வீரய்யான்னு எங்களுக்குத் தெரியாதா? திரும்பத் தட்டினா திரும்பவும் வீரய்யா! போன்ல காசும் முடிஞ்சிருச்சு. போங்கடான்னுட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடித் தண்டவாளத்த அடிச்சேன்."

பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அங்கே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியற்காலையில் கணக்கப்பிள்ளை அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். அதை வேறு நேரத்தில் யாராவது அடித்தால் ஆபத்து என்று அர்த்தம், கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாக வேண்டும். கீழ்ப்பிரிவில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த காமிலின் காதில் அது விழுந்தது. தராசைக் கூட எடுக்காமல் லொறியை மேலே ஏற்றிவிட்டார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு தர்மராசா மேற்பிரிவுக்கு இரண்டாவது முறையாக வந்தார். மாகாணத்திலேயே அதிகம் தேடிய பிரிவு என்று பித்தளையில் ஒரு பட்டயம் செய்து கொண்டு வந்திருந்தார். சபையின் ஜீப் சபையின் வரைபடத்தைப் பார்த்து நேரே சிவப்புப் புள்ளிக்குப் போய் நின்றுவிட்டது. துரை வீட்டில் இல்லை, நாய் இருந்தது. தர்மராசா தேயிலைச் செடிகளுக்குள்ளால் ஒரு மைல் இறங்கி வந்து சேர்ந்தபோது அவருடைய வெள்ளைக் காலுறையில் ஏழெட்டு அட்டைகள் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தன.

பட்டயத்தைப் பதிக்கச் சுவரைப் பார்த்தார். சிரிக்கிற பெண்ணின் நெற்றியில் காமிலின் எண் இருந்தது. ஒரு கன்னத்தில் வான்காரர், மறு கன்னத்தில் பசறை ஆட்டோ. பல்வரிசையின் மேல் பாம்புக்கடி வைத்தியர். மூக்குக்குக் குறுக்கே வீரய்யா, கொஞ்சம் பெரிய எழுத்தில். லயத்து வாசலில் ஆட்டோ நின்றது, குழந்தையின் துணி அதன் கூரையில் காய்ந்தது.

"இதென்ன ஐசே, திரும்பவும் கிறுக்கலோ? சபை இருக்கேக்க இதுகள் என்னத்துக்கு? அண்டைக்கு நாற்பத்தொரு தரம் தேடினனீங்கள். லொறி வந்ததுதானே?"

"லொறி இதுக்கு வந்துச்சுங்க" என்று பெரியாயி தண்டவாளத்தைக் காட்டினாள்.

தர்மராசா அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "அப்ப இதையும் பதிவுக்குள்ள கொண்டு வரலாம். அடிக்க முதல் ஆராவது மூண்டு விளம்பரம் வாசிச்சால் சரி. இது எப்பிடி வேலை செய்யிறது?"

பெரியாயி கம்பியை எடுத்து ஓங்கி நாலு அடி அடித்தாள். மலையிலிருந்து கூடையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் கொட்டுகிற பீலியடியிலிருந்து தலையில் சவர்க்கார நுரையோடு ஒருவர் வந்தார். கீழேயிருந்து காமிலின் ஹோன் கேட்டது. ஐந்து நிமிடத்தில் களம் நிறைந்துவிட்டது. யாருக்கு என்ன, யாருக்கு என்ன என்று எல்லோரும் கேட்டார்கள்.

"இந்த ஐயாவுக்குத்தான்" என்றாள் பெரியாயி. "காலெல்லாம் அட்ட. திரும்பிப் போக வழியும் தெரியாது. யாராச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்கப்பா."

வீரய்யா கூரையிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். தர்மராசா பட்டயத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கங்க ஐயா போகணும்?"

"ஜீப் நிக்கிற இடத்துக்கு. பெரிய துரையின்ர பங்களாவுக்கு."

"அட, அது நம்ம முகவரிங்களே!" என்றான் வீரய்யா. "நல்லா சாஞ்சு ஒக்காருங்க. எங்க வீட்டுக்குத்தானே, வாங்க."